காரணம் எண் பதினான்கு

ஒரு காசோலையைப் பணம் தராமல் திருப்பி அனுப்ப அந்த வங்கிக் கிளையில் இருபத்தொரு காரணங்கள் இருந்தன. இருபத்தொன்றும் ஒரு துண்டுத்தாளில் வரிசையாக அச்சாகியிருக்கும். பொருந்துகிற எண்ணைச் சுழித்து, கீழே கையெழுத்துப் போட்டு, காசோலையோடு சேர்த்துக் குத்தி அனுப்புவது அவள் வேலை. கணக்கில் பணம் போதாது என்றால் ஒன்று. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் நான்கு. எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால் ஆறு. தேதி இன்னும் பிறக்கவில்லை, ஏழு. தேதி செத்துப் பல நாளாயிற்று, எட்டு. மூன்று வருடமாக அதே மேஜை, அதே தாள். கிளையில் அவளுக்கு ‘ரிட்டன்’ என்று பெயரே விழுந்துவிட்டது. “ரிட்டன் சாப்பிடப் போயாச்சா?” என்று கேஷியர் தினமும் கேட்பார். போயிருந்தால் அரைமணி நேரத்துக்கு ஊரில் ஒருத்தர் காசோலையும் திரும்பாது என்று அவருக்கு ஒரு சிரிப்பு.

அந்த மேஜையில் சிரிக்க வேறொன்றும் இல்லை. பணம் வைக்காமல் காசோலை கொடுத்தவனும் அவள்மேல்தான் பாய்வான், அதை நம்பி வாங்கியவனும் அவள்மேல்தான் பாய்வான். நாற்காலிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். கணக்கு காலியாகிற மாதங்களில் மட்டும் கையெழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்துப் போடுவார். பணம் இல்லை என்று திரும்பினால் வழக்கு வரும்; கையெழுத்து சரியில்லை என்று திரும்பினால், அடடா கை நடுங்கிருச்சு என்று சொல்லித் தப்பிவிடலாம். வால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்தே அவருடைய வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று அவள் சொல்லிவிடுவாள். படித்தவன் செய்கிற திருட்டு இப்படித்தான். ஏதாவது ஓர் எண்ணுக்குள் அடக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் குடும்பத்தில் ஒரு படிவத்தை மேலிருந்து கீழ்வரை முழுசாகப் படித்த முதல் ஆள் அவள்தான். அவளுக்கு முன்னால் எல்லோரும் யாரோ விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தோ பெருவிரலோ வைத்தவர்கள். அம்மா கையெழுத்துக் கட்சி. மூன்றே எழுத்து; போட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகும்.

அம்மாவுக்கு வேலை வக்கீல் வீட்டில். பத்தொன்பது வருடம். பெரிய வக்கீல், பழைய வீடு. மூன்று கூடம், எட்டு அறை. எல்லாத் தரையையும் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நின்றுகொண்டு குச்சியால் துடைத்தால் மூலை அழுக்கு போகாது என்பது வக்கீலின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அம்மா மண்டியிட்டுத்தான் துடைத்தாள். பத்தொன்பது வருடத்தில் வக்கீல் வீட்டுத் தரை தேயவில்லை.

இரண்டு முட்டியும் போய்விட்டது என்று எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, இப்படியே இன்னும் ஒரு வருடம் மண்டியிட்டால் அப்புறம் மாற்றினாலும் நடக்க முடியாது என்றார். வருகிற வியாழக்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். செவ்வாய் மாலைக்குள் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த நாள் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மகள் மூன்று வருடம் சேர்த்தது, வங்கியில் முன்பணமாக வாங்கியது எல்லாம் சேர்த்தால் ஒரு முட்டிக்குத்தான் வந்தது.

இன்னொரு முட்டி வக்கீலிடம் இருந்தது.

விஷயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து அம்மா பாதிச் சம்பளத்தைத்தான் கையில் வாங்கினாள். மீதி, ஐயாகிட்டயே இருக்கட்டும். காரணம், அம்மாவுடைய தம்பிகள். அக்கா கையில் காசு புழங்குகிறது என்றால் அந்த மூன்று பேருக்கும் எட்டு ஊர் தாண்டியும் மூக்கு வேர்க்கும். கேட்டால் இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழாது. அப்பாவும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த பூட்டு வக்கீல். தாள் கிடையாது, சீட்டு கிடையாது. அவர் சொன்னார், இவள் நம்பினாள்.

மகள் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் கட்டணம் அந்தப் பாதியிலிருந்துதான் போனது. ஆனால் ஊரில் எல்லோரும் என்ன சொன்னார்கள்? வேலைக்காரி மகளை வக்கீல் படிக்க வைக்கிறார் என்று சொன்னார்கள். அவள் பட்டம் வாங்கிய வருடம் வக்கீல்கள் சங்கத்தில் அவரைப் பாராட்டி ஒரு கூட்டம் போட்டு, அவளை மேடைக்கு ஏற்றி நன்றி சொல்லச் சொன்னார்கள். அவர் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘இது இவ அம்மா பணம்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோர்ட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசுகிற வாய். அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த நன்றி இன்னும் அவளுக்குத் தொண்டையில்தான் நிற்கிறது.

வங்கியில் வேலை கிடைத்ததும் அம்மா பெயரில் அங்கேயே ஒரு கணக்குத் திறந்து, அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி இதில் போடு என்றாள். கேக்கறேன், கேக்கறேன் என்று அம்மா மூன்று வருடத்தை ஓட்டினாள். திடீரென்று போய்க் கேட்டால், என் மேல நம்பிக்கை போயிடுச்சான்னு அவர் நினைக்க மாட்டாரா என்பது அம்மாவின் கவலை. பிறகு வக்கீல் படுத்துவிட்டார். மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, போன வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனார். பணத்துக்கும் அன்றைக்கே முழுக்குப் போட்டாயிற்று என்றுதான் மகள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வக்கீல் வீட்டிலிருந்து வந்தாள். மூன்று நாளும் அங்கேதான் கிடந்தாள். வந்தவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த எக்ஸ்ரே உறையை எடுத்து, அதற்குள் கையை விட்டு, ஒரு காசோலையை எடுத்து நீட்டினாள். மடிப்பு இல்லை, கசங்கல் இல்லை. செக்கை மடிக்கக் கூடாது என்று மகள் எப்போதோ யாரைப் பற்றியோ சொன்னதைக் கேட்டுவைத்திருக்கிறாள்.

அம்மா பெயருக்கு எழுதியிருந்தது. முழுத்தொகை. கல்லூரிக் கட்டணம் போக மீதி அத்தனையும். தேதியைப் பார்த்தாள்.

“இது எப்போ குடுத்தாரு?”

“நாப்பது நாள் இருக்கும். ஒருநாள் நல்லா எழுந்து உக்காந்தாரு. அவரே எழுதினாரு. உடனே போட்டுடுன்னாரு.”

“நாப்பது நாளா? நாப்பது நாளா வீட்டுல வெச்சிருந்தியா? நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரிஞ்சுதான் சொல்லல. சொன்னா மறுநாளே போட்டிருப்ப.”

“போட்டா என்ன?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மனுஷன் படுக்கையில கெடக்கறாரு. அவர் இருக்கும்போதே நான் காசை எண்ணி எடுத்துட்டு, மறுநாள் போய் அவருக்குக் கஞ்சி குடுப்பேனா? எப்படா போவாருன்னு பாத்துட்டிருந்தா பாருன்னு அந்த வீட்டுல ஒரு பேச்சு வந்துட்டா?”

“இப்போ போயிட்டாரே, இப்போ போட்டா மட்டும் அந்தப் பேச்சு வராதா?”

“எழுந்து வந்துருவாருன்னு நெனச்சேன் பாப்பா” என்றாள் அம்மா.

மகள் காசோலையை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு ஒன்று தெரியாது. அவளுக்குத் தெரியும். காசோலை எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்று வங்கிக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் காசோலைக்குப் பணம் தரக்கூடாது. காரணம் எண் பதினான்கு.

தெரிந்துவிட்டால். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அன்று ராத்திரி முழுவதும் கண்ணை மூடாமல் கிடந்தாள். வங்கியைப் பொறுத்தவரை ஒரு மனிதன் மூச்சு நின்றதும் சாவதில்லை. யாராவது வந்து சொல்லும்போதுதான் சாகிறான். வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் வந்து சொல்லவில்லை. நாளைக்கோ மறுநாளோ வருவார்கள். அதுவரை பேரேட்டில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் வங்கி என்பது யார்? கட்டடமா, இரும்புப் பெட்டியா? அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிற அவள்தானே வங்கி? அவளுக்குத்தான் தெரியுமே. வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவள் கண்ணாலேயே பார்த்தாளே.

விடியும்போது முடிவு செய்துவிட்டாள். தெரியாது. அவ்வளவுதான். மேடையில் ஏற்றிவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் இல்லையா? இன்றைக்கு அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். பதினோரு மணிக்கு வங்கிக்கு வா, பெஞ்சில் உட்கார், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யார் எது கேட்டாலும் ஒண்ணும் பேசாதே. அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அதிகாரம் பேசுகிறவர்களிடம் ஏன் என்று கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. பட்டம் வாங்கிய பிறகு மகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் காசோலையை மேஜையில் வைத்து ஒவ்வொரு காரணமாகத் தேய்த்துப் பார்த்தாள். பணம் இருந்தது. தேதி சரி. எண்ணும் எழுத்தும் ஒன்று. அடித்தல் இல்லை. வக்கீல் கை நடுங்க எழுதியிருந்தாலும் கோடு தாண்டாமல் எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் வங்கியில் இருந்த பழைய மாதிரிக் கையெழுத்துக்குத் தள்ளாடும் தகப்பன் போல இருந்தது. ஆனால் அதே வளைவு, அதே புள்ளி. நடுக்கம் வேறு, பொய் வேறு. மூன்று வருடத்தில் அந்த வித்தியாசம் அவளுக்குப் பழகியிருந்தது. பாஸ் பண்ணினாள். தொகை பெரிது என்பதால் இன்னொரு கையெழுத்து வேண்டும். எடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனாள்.

பூதக்கண்ணாடி என்பது அதிகாரி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தினமும் வெளியூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர்; ஊர்ச் சாவு அவர் காதுக்கு எட்ட நாளாகும். காசோலை எதுவானாலும் ஒரு கண்ணாடி வில்லையைக் கையெழுத்தின் மேல் வைத்துத் தலையைக் கவிழ்ப்பார். அவருக்கு அந்தப் பெயர் அவள் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி.

“கை ரொம்ப நடுங்குதே” என்றார்.

“உடம்பு சரியில்லாம இருக்கார் சார்.” அது பொய்யில்லை. போன வாரம்வரை உண்மை.

“போன் பண்ணிக் கேட்டியா?”

அந்தக் கிளையில் அது ஒரு வழக்கம். வயதானவர்கள் கையெழுத்து ஆட ஆரம்பித்தால் உடனே திருப்ப மாட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டு, இத்தனைக்கு ஒரு செக் வந்திருக்கு, நீங்க குடுத்ததுதானா என்று கேட்டுக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அவளே நூறு முறை கேட்டிருக்கிறாள். இரவு முழுவதும் எல்லாவற்றையும் யோசித்தவள் இந்த ஒன்றை யோசிக்க மறந்துபோனாள்.

“பண்ணிட்டேன் சார்.”

“பேசினாரா?”

“பேசினார். நான் குடுத்ததுதான், குடுத்துடுங்கன்னார்.”

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் அவளுக்குப் பயம் வந்தது. உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒரு வார்த்தையை, செத்த பிறகு அவர் வாயில் அவள் வைத்தாள்.

பூதக்கண்ணாடி பேனா மூடியைத் திறந்தார். திறந்தவர், “அம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். பெரிய தொகையானால் வாங்குகிறவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது அவர் குணம். நான் கூட்டிட்டு வரேன் சார் என்று இவள் சொல்வதற்குள் அவர் பெஞ்சுக்கே போய்விட்டார். அம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். முட்டி மடங்கவில்லை, நிமிரவும் இல்லை. அவர் கையமர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“ஆபரேஷனாமே. நல்லபடியா முடியட்டும்மா. ஐயா நல்லது பண்ணியிருக்கார். அவரே குடுத்துடுங்கன்னு சொன்னாராம், இப்போதான் உங்க பொண்ணு போன்ல பேசினாளாம்.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். மூன்று நாள் அழுது வீங்கிய கண் இரண்டும் விரிந்தன. ஒரு நொடிதான், ஆனால் அந்த ஒரு நொடி அவள் அதை நம்பினாள். படித்த பெண், பேங்கில் வேலை பார்க்கிற பெண், அவள் சொன்னால் இருக்கும்.

“பேசினாரா?” என்றாள். “ஐயாவா? எப்போ?”

மகள் கையை நீட்டி அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

“வெள்ளிக்கிழமை நான்தானே அவர் கண்ணை மூடிவிட்டேன்” என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை, தன்னையே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேஷியர் நோட்டு எண்ணுவதை நிறுத்தினார்.

பூதக்கண்ணாடி எழுந்தார். யாரையோ கூப்பிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தன் மேஜைக்கு வந்தார். அவளும் பின்னால் வந்தாள். திறந்த பேனாவை மூடினார். அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். பத்தொன்பது வருட சம்பளம் சார், பிச்சையில்ல சார் என்று தயாராக வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை.

“போன் பண்ணினியான்னு நான் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல” என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “உனக்கு வயசு இருபத்தஞ்சு. இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ் இருக்கு. புரியுதா?”

“அது அவங்க பணம் சார்.”

“இருக்கலாம். ஆனா இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சதைத் தெரியாததா ஆக்க முடியுமா? போ. ரிட்டன் மெமோவை நீயே எழுது. வேற யாராவது எழுதினா எதுக்கு ஏன்னு கேள்வி வரும்.”

நன்றி சார் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் வேலையை அவர் காப்பாற்றியிருக்கிறார். சொல்லாமல் திரும்பினாள். இன்னொருவர் தயவை முதுகில் சுமந்துகொண்டு இன்னும் முப்பது வருடம் இதே கட்டடத்துக்குள் வந்து போக வேண்டும்.

துண்டுத்தாளை எடுத்தாள். பதினான்கைச் சுழித்தாள். பேனா தாளைக் கிழித்தது. கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கையில் கொடுத்த தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா கையில் கொடுத்தாள்.

“என்ன எழுதியிருக்க?”

“செக் எழுதினவர் இறந்துட்டார், அதனால பணம் தர முடியாதுன்னு.”

அம்மா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி பார்த்தாள். “உண்மையைத்தானே எழுதியிருக்க” என்றாள். பிறகு, “நான்தான் வாயைத் திறந்துட்டேன் இல்ல? பேசாதேன்னுதானே சொன்ன” என்றாள்.

“விடு.”

“நல்லா இருக்காரான்னு கேட்டிருந்தா தலையாட்டியிருப்பேன் பாப்பா. பேசினார்னு சொன்னாரே, அதான்...”

மகள் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுதால் கேஷியர் பார்ப்பார்.

அன்று மாலையே அம்மாவை இழுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனாள். வேண்டாம், நாள் கழியட்டும், துக்க வீட்டுல காசு கேக்கறது மனுஷன் செய்யற வேலையா என்று வழியெல்லாம் அம்மா முணுமுணுத்தாள். முட்டிக்கு நாளை சாயங்காலம்வரைதான் கெடு, துக்கத்துக்கு அப்படி இல்லை என்றாள் மகள்.

மூத்த மகன் கூடத்தில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது தாண்டியவன். எங்கோ தூர நாட்டில் பெரிய வேலை. மகளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி காட்டினான். அம்மாவுக்குக் காட்டவில்லை. மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. அம்மா அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. அம்மா தூணைப் பிடித்துச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். மகள் நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

காசோலையையும் மெமோவையும் அவன் இரண்டு முறை படித்தான். மரியாதையாகத்தான் பேசினான். அப்பா கொடுத்திருந்தால் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார் என்றான். ஆனால் எதற்கு என்று இதில் எழுதவில்லையே, சம்பள பாக்கியா, சும்மா அன்பாகக் கொடுத்ததா என்று தெரிய வேண்டுமில்லையா என்றான். தம்பி இருக்கிறான், தங்கை இருக்கிறாள், எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

“கணக்கு ஏதாவது இருக்கா?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

“ஐயா வெச்சிருந்தாரு தம்பி.”

“எங்க? எதுல எழுதி வெச்சிருந்தார்?”

“எழுத மாட்டாரு. மனசுல வெச்சிருப்பாரு. ஒரு நாள்கூடத் தப்பாச் சொன்னதில்ல.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்கினானா, வருத்தமா என்று மகளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நாற்பது வருடம் ஊராருக்கெல்லாம், எதையும் எழுதி வாங்கிக்கோ என்று சொல்லிப் பணம் வாங்கிய மனிதன், தன் வீட்டுத் தரை துடைத்தவளுக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் எழுதினார். செத்தால் செல்லாது என்று நன்றாகத் தெரிந்த ஒரு தாளில் எழுதினார். உடனே போடு என்றாராம். ஏன் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஏன் என்றெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கும்.

“வீட்டை விக்கப்போறோம். ஆறு மாசம் ஆகலாம்” என்றான் மூத்தவன். “அதுவரைக்கும் நீங்க வந்துட்டே இருங்க. ஆள் வந்து பாக்கும்போது வீடு சுத்தமா இருக்கணும். வித்து முடிஞ்சதும் உங்களுக்கும் பாத்துச் செய்யறோம்.”

“பாத்துச் செய்ய இது தர்மமா?” என்றாள் மகள். “இது அவங்க சம்பளம். நீங்க உக்காந்திருக்கற இந்தத் தரையிலதான் அவங்க முட்டி போச்சு.”

“வாயை மூடுடி” என்றாள் அம்மா.

மகளை அவள் அப்படிப் பேசியதே இல்லை. தூணைப் பிடித்து எழுந்து, அவனைப் பார்த்து, “சின்னப் பொண்ணு தம்பி. படிச்ச திமிரு. மனசுல வெச்சுக்காதீங்க. நான் புதன்கிழமையிலேருந்து வந்துடறேன்” என்றாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். தெருமுனை வந்ததும் அம்மா நின்று மூச்சு வாங்கினாள். “அந்த வீட்டுக் கதவையும் சாத்திட்டா அப்புறம் கேக்கறதுக்கு இடமே இருக்காது. அதுக்குத்தான்” என்றாள். அதில் இருந்த நியாயம் மகளுக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் எரிச்சல் அதிகமானது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதியைக் கட்டுகிறேன், மீதிக்கு எழுதித் தருகிறேன் என்று கேட்டுப்பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கும் இவள் வயதுதான் இருக்கும். இவள் தன் மேஜையிலிருந்து ஊராருக்குச் சொல்கிற அதே குரலில், “எங்க கையில ஒண்ணும் இல்லைங்க” என்றாள். அடுத்துக் காலியாக இருக்கிற நாள் நான்கு மாதம் கழித்து என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இவள் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டு வியாழக்கிழமையை அவருக்குக் கொடுத்தாள். அவர் ஒரு கிழவர். சந்தோஷத்தில் இவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே வந்து எதிர்க்கடையில் நான்கு வெள்ளைத்தாள் வாங்கினாள். கடையின் மரப்பலகையிலேயே வைத்து எழுதினாள். ஊரில் உள்ள வக்கீல்களில் பாதிப்பேர் இறந்துபோன வக்கீலிடம் ஜூனியராக இருந்தவர்கள். மீதிப்பேர் இருக்க ஆசைப்பட்டவர்கள். யாரிடமும் போய் நிற்க அவளுக்கு விருப்பமில்லை. எந்த வருடம், எந்த மாதம், எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம், கல்லூரிக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தவரைக்கும் எழுதினாள். மேடையில் தான் சொன்ன நன்றியைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு வரி எழுதினாள். அதை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டாள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று முடித்து, காசோலையையும் மெமோவையும் நகல் எடுத்துச் சேர்த்து, மூத்த மகன் பெயருக்குப் பதிவுத் தபாலில் போட்டாள். உள்ளூர்த் தபால்தான், நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார் தபால் அலுவலகத்தில் இருந்தவர்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வா என்பாள்.

புதன்கிழமை காலையில் அம்மா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். செருப்பை மாட்ட இரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு மாதம் கழித்து என்று எழுதிய சீட்டை மகள் நேற்று ராத்திரியே கொடுத்திருந்தாள்.

“நாலு மாசம்தானே” என்றாள் அம்மா. “முட்டி என்னை விட்டுட்டு எங்க ஓடிடப் போகுது? ஓடத் தெரிஞ்சா நான் ஏன் ஆபரேஷன் பண்ணிக்கறேன்?”

சிரிப்பாள் என்று பார்த்தாள். மகள் சிரிக்கவில்லை. அம்மா படியில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை இறக்கி, அதன் பக்கத்தில் இன்னொரு காலைக் கொண்டுவந்து வைத்து, நின்று, மறுபடி ஒரு காலை இறக்கினாள். ஏழு படி. கடைசிப் படியில் நின்று மேலே பார்த்து, சாப்பிடாம போகாதே என்றாள்.

அவள் தெருவைத் தாண்டும்வரை மகள் சன்னலில் நின்றாள். கூப்பிட்டுச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பக்கம் தபால் பதினோரு மணிக்கு வரும். அந்த நேரத்தில் அம்மா நடுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மணி அடித்தால் அந்த வீட்டில் எழுந்துபோய்க் கதவு திறப்பது எப்போதும் அம்மாதான். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தபால்காரர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் மூன்று எழுத்தையும் போட்டு, அந்த உறையை மடியாமல் பிடித்து, கொண்டுபோய் மூத்தவன் கையில் கொடுப்பாள்.